மரத்தின் விட்டத்திலிருந்து உயரத்தைக் கணித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டில் மரங்களை அளப்பவர்களிடமும், அந்த அளவுகளைக் கணினியில் ஏற்றிச் சமன்பாடு பொருத்த உட்காருபவர்களிடமும் ஒரே ஐயங்கள் மீண்டும் மீண்டும் எழுவதால், அவற்றை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். சமன்பாடுகளில் ‘உ’ என்பது மீட்டரில் உயரம், ‘வி’ என்பது சென்டிமீட்டரில் விட்டம். அ, ஆ, இ ஆகியவை தரவிலிருந்து கண்டறியப்படும் அளவுருக்கள்.

உயரத்தை நேரடியாகவே அளந்துவிட்டால் போயிற்று. விட்டத்தைக் கொண்டு ஏன் கணிக்க வேண்டும்?

விட்டத்தை அளக்க ஒரு நாடாவும் சில நொடிகளும் போதும். உயரம் அப்படியன்று. அடியும் உச்சியும் ஒருசேரத் தெரியும் இடத்தைத் தேடி மரத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். அடர்ந்த காட்டில் அப்படி ஓர் இடம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும், கண்ணுக்குப் படுவது உண்மையான உச்சிதானா என்ற ஐயம் எஞ்சும். ஒரு மரத்தின் உயரத்தை ஒழுங்காக அளக்கும் நேரத்தில் பல மரங்களின் விட்டத்தை அளந்துவிடலாம்.

ஆனால் மரத்தின் கன அளவு, உயிர்த்திரள் (உலர்ந்த மரப்பொருளின் எடை), கரிம இருப்பு ஆகிய எல்லாக் கணக்குகளும் உயரத்தையும் கேட்கின்றன. ஆகவே திடலில், அதாவது அளப்பதற்காக எல்லை குறித்த காட்டுத் துண்டில், உள்ள எல்லா மரங்களுக்கும் விட்டம், சில மரங்களுக்கு மட்டும் உயரம் என்று அளந்துகொண்டு, அந்தச் சிலவற்றிலிருந்து பெறும் வளைவைக் கொண்டு மற்றவற்றின் உயரத்தை நிரப்புவது வழக்கமாயிற்று. அந்த வளைவைத்தான் உயர–விட்ட வளைவு என்கிறோம்.

விட்டத்தைத் தண்டின் எந்த இடத்தில் அளக்க வேண்டும்? ஒருவர் 1.3 மீட்டர் என்கிறார், இன்னொருவர் 1.37 என்கிறாரே?

இருவரும் சொல்வது சரி. மார்பு உயரம் என்பது ஐரோப்பிய நாடுகளிலும் பெரும்பாலான பன்னாட்டு ஆய்வுகளிலும் தரையிலிருந்து 1.3 மீட்டர், நாலரை அடி என்ற பழைய அளவை ஒட்டி அமெரிக்காவிலும் இந்தியாவிலும் 1.37 மீட்டர், நியூசிலாந்தில் 1.4 மீட்டர். எதைப் பின்பற்றினாலும் தரவு முழுவதும் அதையே பின்பற்றி, எதைப் பின்பற்றினோம் என்பதை எழுதி வைக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கத் தரையிலிருந்து அளப்பது வழக்கம். பலகை வேர்கள் உள்ள மரத்தில் அவை முடியும் இடத்துக்கு மேலே சென்று அளந்து, அளந்த உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாதாரண நாடாவில் கிடைப்பது விட்டமன்று, சுற்றளவு. அதை 3.1416 ஆல் வகுக்க வேண்டும்: 94 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். விட்டத்துக்கான கட்டத்தில் சுற்றளவு எழுதப்பட்ட சில வரிகள் ஏறக்குறைய எல்லாப் பெரிய தரவுத் தாள்களிலும் ஒளிந்திருக்கும். சமன்பாட்டைத் தொடுவதற்கு முன் உயரத்தை விட்டத்துக்கு எதிராக ஒரு புள்ளிப் படமாக வரைந்து பார்த்தால், கூட்டத்தை விட்டு வலப்பக்கம் மும்மடங்கு தொலைவில் தனித்து நிற்கும் புள்ளிகள் அவைதாம் என்பது தெரிந்துவிடும்.

எல்லாச் சமன்பாட்டிலும் முதலில் 1.3 என்று ஓர் எண் கூட்டப்படுகிறதே, அது எங்கிருந்து வந்தது?

முந்தைய விடையில் சொன்ன மார்பு உயரம்தான் அது. 1.3 மீட்டர் உயரத்தை இப்போதுதான் எட்டிய கன்றுக்கு அந்த இடத்தில் விட்டம் சுழியம். எனவே விட்டம் சுழியமாகும்போது உயரம் 1.3 ஆக இருக்க வேண்டும் என்பதைச் சமன்பாட்டிலேயே கட்டி வைக்கிறார்கள். நீங்கள் 1.37 மீட்டரில் அளந்திருந்தால் 1.37 என்றே எழுத வேண்டும்.

நேர்கோடு ஏன் போதாது? இரண்டாம் படிச் சமன்பாடு வளைகிறதே, அதை வைத்துக்கொள்ளலாமா?

இளம் மரம் ஒளிக்காகப் போட்டியிட்டு மேல்நோக்கி விரைகிறது. விதானத்தை எட்டிய பின் உயர்வது குறைந்துபோனாலும் தண்டு பருப்பது நிற்பதில்லை. அதனால் சிறு விட்டங்களில் செங்குத்தாக ஏறும் வளைவு பெரிய விட்டங்களில் படுத்துவிடுகிறது. நேர்கோடு இந்த இரண்டு முனைகளிலும் உயரத்தைக் கூட்டிச் சொல்லும், நடுவில் குறைத்துச் சொல்லும்.

இரண்டாம் படிச் சமன்பாடு வளையும் என்பது உண்மை. ஆனால் வளைந்த பின் கீழே இறங்கவும் செய்யும். உ = 1.3 + 0.9 வி − 0.009 வி² என்ற சமன்பாட்டைப் பாருங்கள். 50 சென்டிமீட்டர் விட்டத்தில் 23.8 மீட்டர் என்று நம்பத்தகுந்த விடையைத் தரும் இதே சமன்பாடு, 80 சென்டிமீட்டருக்கு 15.7 மீட்டர் என்றும், ஒரு மீட்டர் பருமனுள்ள மரத்துக்கு 1.3 மீட்டர் என்றும் சொல்லும். உயிர்த்திரளின் பெரும்பங்கைச் சுமப்பவை பெரிய மரங்கள். அங்கே போய்த் தவறும் சமன்பாட்டை எதற்கு வைத்துக்கொள்வது?

அப்படியானால் எந்தச் சமன்பாட்டைத்தான் பயன்படுத்துவது? பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

ஏறுமுகமாகவே இருக்க வேண்டும், பெரிய விட்டங்களில் ஓர் உச்ச வரம்பை நெருங்க வேண்டும், சுழிய விட்டத்தில் மார்பு உயரத்தைத் தர வேண்டும் என்னும் மூன்று நிபந்தனைகளை நிறைவு செய்யும் சமன்பாடுகள் பல உண்டு. சுவீடன் நாட்டு வனவியலர் மன்ஃப்ரெட் நேஸ்லுண்ட் 1930-களில் முன்வைத்த உ = 1.3 + வி² / (அ + ஆ × வி)² என்ற இரண்டு அளவுருச் சமன்பாடு இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. கர்டிஸ் பெயரால் வழங்கும் உ = 1.3 + அ × (வி / (1 + வி))^ஆ இன்னொன்று. பின்லாந்தின் லௌரி மெஹ்டடாலோவும் சக ஆய்வாளர்களும் பல பகுதிகளின் தரவுகளைக் கொண்டு 2015-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், இரண்டு அளவுருச் சமன்பாடுகளுள் இவை இரண்டும் நன்கு தேறின.

மூன்று அளவுருக்கள் கொண்டவற்றில் சாப்மன்–ரிச்சர்ட்ஸ் சமன்பாடும் வெய்புல் சமன்பாடும் பரவலானவை. சாப்மன்–ரிச்சர்ட்ஸின் வடிவம் உ = 1.3 + அ × (1 − எக்ஸ்ப்(−ஆ × வி))^இ. இதில் ‘எக்ஸ்ப்’ என்பது அடுக்குக்குறிச் சார்பு. ‘அ’ உச்ச வரம்பையும், ‘ஆ’ அதை எவ்வளவு விரைவில் நெருங்குகிறது என்பதையும், ‘இ’ தொடக்கத்தில் வளைவு கொள்ளும் வடிவத்தையும் தீர்மானிக்கின்றன. மூன்றாவது அளவுரு நெகிழ்வைத் தருகிறது. ஆனால் மிகச் சிறிய மரங்களும் மிகப் பெரிய மரங்களும் தரவில் இருந்தால்தான் அந்த நெகிழ்வுக்குப் பிடிமானம் கிடைக்கும்.

நேஸ்லுண்டின் சமன்பாட்டை எண்களில் பார்ப்போம். அ = 1.5, ஆ = 0.19 என்று கொண்டால், விட்டம் 10, 20, 50, 60 சென்டிமீட்டராக இருக்கும்போது உயரம் முறையே ஏறத்தாழ 10, 15.5, 22, 23 மீட்டர். பத்திலிருந்து இருபதுக்குப் போகையில் ஐந்தரை மீட்டர் கூடுகிறது. ஐம்பதிலிருந்து அறுபதுக்குப் போகையில் ஒரே ஒரு மீட்டர். உச்ச வரம்பு 1.3 + 1/ஆ², அதாவது 29 மீட்டர். இந்த எண்களைப் பின்னால் வரும் ஒரு கேள்விக்காகவும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், ஒரு திடலுக்கு நேஸ்லுண்டிலிருந்து தொடங்குங்கள். சமன்பாட்டைத் தேர்வு செய்வதில் செலவிடும் நேரத்தில் பாதியை மரங்களைத் தேர்வு செய்வதில் செலவிட்டால் பலன் கூடுதல்.

எத்தனை மரங்களின் உயரத்தை அளக்க வேண்டும்? எந்த மரங்களை?

ஒரே இனம் உள்ள சிறு திடலுக்கு 20 முதல் 30 மரங்கள் பயன்படத்தக்க வளைவைத் தரும். பல இனங்கள் கலந்த வெப்பமண்டலக் காட்டில் 50 வரை போவது நல்லது. வளைவைச் சுற்றி மரங்கள் 2 மீட்டர் திட்ட விலக்கத்தோடு சிதறியிருப்பதாகக் கொண்டால், 25 மரங்கள் வளைவின் நடுப்பகுதியை ஏறத்தாழ 0.4 மீட்டர் துல்லியத்தில் நிறுத்தும். 100 மரங்கள் 0.2 மீட்டரில் நிறுத்தும். நான்கு மடங்கு உழைப்புக்குப் பிழை பாதியாகிறது. எங்கே நிறுத்துவது என்பதை இந்தக் கணக்கைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

எண்ணிக்கையைவிடத் தேர்வுதான் முக்கியம். மரங்களை விட்டத்தைப் பார்த்துத் தேர்வு செய்யலாம். உயரத்தைப் பார்த்துத் தேர்வு செய்யக் கூடாது. ஒவ்வொரு விட்ட வகுப்பிலிருந்தும் சில மரங்கள், அவற்றோடு திடலின் மிகப் பெரிய மரங்கள் அனைத்தும் என்று எடுத்தால் வளைவு ஒரு பக்கமும் சாயாது. இரு முனைகளிலும் பிடிமானமும் கிடைக்கும். மாறாக, உச்சி நன்றாகத் தெரிகிறது என்பதற்காகவே ஒரு மரத்தைத் தேர்ந்தால், அதே விட்டமுள்ள பிற மரங்களைவிட உயர்ந்து நிற்பதைத்தான் பெரும்பாலும் தேர்ந்திருப்பீர்கள். அந்தப் பிழையை எந்தச் சமன்பாடும் பின்னர் நீக்காது.

கருவி காட்டும் உயரத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

கருவியைவிட நிற்கும் இடமே பெரும்பாலும் பிழைக்குக் காரணம். கோணத்தின் டேன்ஜென்ட்டைக் கிடைத் தொலைவால் பெருக்கும் பழைய முறையில், உச்சி தண்டின் அடிக்கு நேர் மேலே இருக்கிறது என்பது எடுகோள். 25 மீட்டர் உயர மரத்திலிருந்து 25 மீட்டர் தள்ளி, கண்மட்டம் 1.5 மீட்டரில் இருக்க நிற்கிறீர்கள். உச்சி உங்களை நோக்கி 2 மீட்டர் சாய்ந்திருக்கிறது. கருவி 27 மீட்டர் என்று காட்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் 23.3 மீட்டர் என்று காட்டும். சாய்வுத் திசைக்குக் குறுக்காக நின்று அளந்தால் இந்தப் பிழை ஏறக்குறைய மறைந்துவிடும். தலை பரந்த மரத்தில், உச்சி என்று எண்ணி நம் பக்கத்துக் கிளையின் நுனியைப் பார்ப்பதும் இதே வகைப் பிழைதான். அது எப்போதும் உயரத்தைக் கூட்டியே காட்டும்.

லேசர் கருவியால் உச்சிக்கான சாய்தொலைவை அளந்து கோணத்தின் சைனால் பெருக்கும் முறைக்கு இந்தக் குறை இல்லை. ஆனால் லேசர் ஒளி உச்சிக்குக் கீழே உள்ள இலையில் பட்டுத் திரும்பினால் உயரம் குறையும். எனவே இதன் பிழை ஏறக்குறைய எப்போதும் குறைவான பக்கமே. இரண்டு முறைகளால் அளந்த மரங்களை ஒரே தரவில் கலந்தால், முறைகளுக்கிடையே உள்ள வேறுபாடு காட்டின் இயல்பாகத் தோற்றமளிக்கக் கூடும். முறையைத் தனிக் கட்டமாகப் பதிவு செய்யுங்கள்.

உச்சி முறிந்த மரங்களையும் சேர்க்க வேண்டுமா, நீக்கிவிடலாமா?

வளைவைப் பொருத்தும்போது நீக்கிவிடுங்கள். அவற்றின் உயரம் வளர்ச்சியைச் சொல்வதில்லை, காற்றையோ இடியையோ சொல்கிறது. ஆனால் அந்த மரங்களுக்கு வளைவிலிருந்து உயரத்தை நிரப்பாதீர்கள். முறிந்த உயரத்தை நேரில் அளந்து அதையே கணக்கில் கொள்ள வேண்டும். இவற்றைத் தரவிலிருந்து அழித்துவிடாமல், குறியீடு இட்டு வைத்திருப்பதுதான் ஒழுங்கு.

மென்பொருள் ‘தீர்வு கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடுகிறது. தரவு மோசமா?

பெரும்பாலும் இல்லை, தொடக்க மதிப்புகள்தாம் மோசம். இந்தச் சமன்பாடுகள் அளவுருக்களில் நேரியல் அல்லாதவை என்பதால், கணினி ஓரிடத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் தேடுகிறது. தொடங்கும் இடம் வெகு தொலைவில் இருந்தால் வழி தவறிவிடும். சாப்மன்–ரிச்சர்ட்ஸ் சமன்பாட்டில் ‘அ’வுக்குத் தரவின் மிக உயர்ந்த மரத்தைவிடச் சற்றுக் கூடுதலான மதிப்பையும், ‘இ’க்கு 1-ஐயும் கொடுத்துத் தொடங்கலாம். நேஸ்லுண்டுக்கு இன்னும் எளிய வழி உண்டு. அதை வி / √(உ − 1.3) = அ + ஆ × வி என்று மாற்றி எழுதினால் நேர்கோடாகிவிடும்; அந்தக் கோட்டின் வெட்டுத்துண்டும் சாய்வும் நல்ல தொடக்க மதிப்புகள்.

தொடக்க மதிப்பை மாற்றியும் நின்றுவிட்டால், தரவில் வளைவு படுக்கும் பகுதியே இல்லை என்று கொள்ளலாம். இளங்காட்டில் எல்லா மரங்களும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கையில் உச்ச வரம்பைத் தரவு எப்படிச் சொல்லும்? சில நேரம் கணினி நிற்காமல் 180 மீட்டர் என்று ஒரு வரம்பைத் தந்துவிடும். அறியப்பட்ட மிக உயர்ந்த மரமான கடற்கரை செக்கோயாவே ஏறத்தாழ 116 மீட்டர்தான். நீரை உச்சிக்கு ஏற்றுவதில் உள்ள தடையைக் கொண்டு 2004-இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்ட எல்லை 122 முதல் 130 மீட்டர். இத்தகைய நிலையில் இரண்டு அளவுருச் சமன்பாட்டுக்கு இறங்கி வருவதே முறை.

உயரத்துக்கும் விட்டத்துக்கும் மடக்கை எடுத்துப் பொருத்தினேன். திருப்பி மாற்றினால் கணித்த உயரங்களின் சராசரி அளந்ததைவிடக் குறைகிறது. ஏன்?

மடக்கை அளவில் சராசரியாக இருப்பது, திருப்பி மாற்றும்போது மீட்டர் அளவில் சராசரியாக இருப்பதில்லை, இடைநிலையளவாக ஆகிவிடுகிறது. உயரங்கள் மேல்பக்கம் நீண்டு சிதறுவதால் இடைநிலையளவு சராசரியைவிடக் குறைவு. பாஸ்கர்வில் 1972-இல் வனவியலாளர்களிடையே பரவலாக்கிய திருத்தம் இதற்குத்தான்: எச்சங்களின் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வேறுபாடுகளின்) மாறுபாட்டில், அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கத்தில், பாதியை எடுத்து, அதன் அடுக்குக்குறி மதிப்பால் கணிப்பைப் பெருக்க வேண்டும். இயல் மடக்கை அளவில் எச்சத்தின் திட்ட விலக்கம் 0.2 என்றால் பெருக்கு எண் 1.02; 0.3 என்றால் 1.046. ஒரு மரத்தில் பொருட்படுத்தத் தேவையில்லாத நான்கரை விழுக்காடு, காடு முழுவதற்கும் ஒரே பக்கமாகச் சாயும்போது பெரிய எண்ணாகிவிடும்.

ஆர்-வர்க்கம் 0.36 மட்டுமே வருகிறது. இந்த வளைவைத் தூக்கி எறிந்துவிடவா?

எறிய வேண்டாம். ஆர்-வர்க்கம், அதாவது உயரங்களின் மாறுபாட்டில் வளைவு விளக்கும் பங்கு, வளைவின் தரத்தை மட்டும் சொல்வதில்லை; தரவின் வீச்சையும் சொல்கிறது. இரண்டு திடல்களில் வளைவைச் சுற்றிய சிதறல் ஒரே 2 மீட்டர் என்று கொள்வோம். முதல் திடலில் கன்று முதல் பெருமரம் வரை எல்லாம் இருப்பதால் உயரங்களின் திட்ட விலக்கம் 5 மீட்டர். ஆர்-வர்க்கம் 1 − 4/25, அதாவது 0.84. இரண்டாவது திடல் ஒரே வயதுத் தோப்பு. திட்ட விலக்கம் 2.5 மீட்டர், ஆர்-வர்க்கம் 1 − 4/6.25, அதாவது 0.36. கணிப்பில் நேரும் பிழையோ இரண்டிலும் ஒன்றே.

ஆகவே மீட்டரில் சொல்லப்படும் எச்சத் திட்ட விலக்கத்தையும், எச்சங்களை விட்டத்துக்கு எதிராக வரைந்த படத்தையும் பாருங்கள். அந்தப் படத்தில் வளைந்த போக்கு தெரிந்தால் சமன்பாடு தவறு. வலப்பக்கம் போகப் போகச் சிதறல் விசிறிபோல் விரிந்தால், விட்டத்தோடு மாறுபாடு கூடுவதைச் சமன்பாட்டோடு சேர்த்துக் கணிக்க வேண்டும்.

மடக்கைச் சமன்பாட்டின் ஏஐசி வெகுவாகக் குறைவாக இருக்கிறது. அப்படியானால் அதுதானே சிறந்தது?

ஏஐசி என்பது சமன்பாடுகளை ஒப்பிட உதவும் ஓர் அளவு; குறைவாக இருந்தால் நல்லது. ஆனால் இந்த ஒப்பீடே செல்லாது. ஒன்று உயரத்தின் மடக்கையைக் கணிக்கிறது, மற்றொன்று உயரத்தையே கணிக்கிறது. வெவ்வேறு அலகுகளில் உள்ள இரண்டு ஏஐசி மதிப்புகளை அருகருகே வைக்க முடியாது. மடக்கைச் சமன்பாட்டின் ஏஐசியோடு, எல்லா உயரங்களின் இயல் மடக்கைகளையும் கூட்டி இரண்டால் பெருக்கிச் சேர்த்தால் இரண்டும் ஒரே அளவுக்கு வரும். அதற்குப் பிறகு ஒப்பிடுங்கள். ‘வெகுவாக’ என்பது பல நேரம் காணாமல் போய்விடும்.

வேறொரு காட்டுக்காக வெளியிடப்பட்ட சமன்பாட்டை நான் எடுத்துக்கொள்ளலாமா?

ஓர் உயரம்கூட அளக்க வழியில்லை என்றால் மட்டும். ஒரே இனம், ஒரே விட்டம் என்றாலும், நெருக்கமாக நிற்கும் மரங்கள் ஒல்லியாக உயர்கின்றன; திறந்த வெளியில் நிற்பவை குட்டையாகப் பருக்கின்றன. மண், மழை, காற்று, வயது ஆகிய எல்லாமே வளைவை மேலும் கீழும் நகர்த்தும். வெப்பமண்டலக் காடுகளுக்காக ஜெரோம் ஷாவும் சக ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட பொதுச் சமன்பாடு, வெப்பநிலையின் பருவ மாறுபாடும் மழையின் பருவ மாறுபாடும் வறட்சியும் சேர்ந்த ஒரு சூழல் குறியீட்டை உள்ளே கொண்டுவந்து, இந்த நகர்வின் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. ஒரு பகுதியைத்தான்; காற்று ஓயாமல் வீசும் மலைமுகட்டையும் அதன் அடியில் உள்ள பள்ளத்தாக்கையும் அந்தக் குறியீடு பெரும்பாலும் ஒன்றாகவே காணும்.

இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. திடலின் அடிப்பரப்பு (மார்பு உயரத்தில் தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்புகளின் கூட்டுத்தொகை), மேலோங்கிய மரங்களின் சராசரி உயரம், சராசரி விட்டம் போன்றவற்றை அளவுருக்களோடு பிணைத்த பொதுமைப்படுத்தப்பட்ட சமன்பாடுகள் ஒரே வட்டாரத்துக்குள் திடலுக்குத் திடல் தம்மைத் திருத்திக்கொள்ளும். இதைவிடச் சிறந்தது அடுத்த விடையில் வருவது.

கலப்பு விளைவு மாதிரி என்கிறார்களே, அதனால் எனக்கு என்ன ஆதாயம்?

நூறு திடல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் உயரம் அளந்தது மூன்று நான்கு மரங்களுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திடலுக்கு ஒரு வளைவு பொருத்தத் தரவு போதாது. எல்லாவற்றையும் கொட்டி ஒரே வளைவு பொருத்தினால் திடல்களுக்கிடையே உள்ள வேறுபாடு அழிந்துவிடும். கலப்பு விளைவு மாதிரி எல்லாத் திடல்களுக்கும் பொதுவான ஒரு வளைவையும், அதிலிருந்து ஒவ்வொரு திடலும் விலகும் அளவையும் சேர்த்தே கணிக்கிறது. முதலாவது நிலையான விளைவு, இரண்டாவது சமவாய்ப்பு விளைவு.

இதன் உண்மையான பயன், பொருத்தும்போது இல்லாத புதிய திடலில்தான் தெரியும். பொது வளைவிலிருந்து திடல்கள் விலகும் திட்ட விலக்கம் 2 மீட்டர், திடலுக்குள் மரங்கள் சிதறுவதும் 2 மீட்டர் என்று கொள்வோம். புதிய திடலில் மூன்று மரங்களை அளக்கிறீர்கள். அவை பொது வளைவைவிடச் சராசரியாக 2.4 மீட்டர் கூடுதலாக உள்ளன. அந்த 2.4 முழுவதையும் திடலின் இயல்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று மரங்களும் தற்செயலாக நெட்டையாக இருந்திருக்கலாம். திடல் மாறுபாடு 4, மர மாறுபாடு 4, மூன்று மரங்கள் என்பதால் நம்பத்தக்க பங்கு 12/(12 + 4), அதாவது 0.75. வளைவை 1.8 மீட்டர் உயர்த்துகிறோம். ஒரே ஒரு மரம் அளந்திருந்தால் பங்கு 0.5, ஒன்பது அளந்திருந்தால் 0.9. முதல் சில மரங்கள் தரும் தகவல் எவ்வளவு மதிப்புள்ளது என்பதை இந்த எண்களே காட்டும்.

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இதற்கான பொதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்று மட்டும் எச்சரிக்கை: அளந்து திருத்தும் வசதி இல்லாத திடலில், பொது வளைவை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினால் கலப்பு விளைவு மாதிரி சாதாரணச் சமன்பாட்டைவிடப் பெரிதாக மேம்பட்டிருக்காது.

என் திடலில் எண்பது இனங்கள் உள்ளன. பல இனங்களுக்கு இரண்டு மரம்கூட இல்லை. இனவாரியாக வளைவு வேண்டுமா?

வேண்டாம். முந்தைய விடையில் திடலுக்குச் சொன்னதையே இனத்துக்கும் செய்யலாம்: இனத்தைச் சமவாய்ப்பு விளைவாக வைத்தால், மரங்கள் நிறைய உள்ள இனம் தன் வளைவைத் தானே பெறும்; குறைவாக உள்ளது பொது வளைவை ஒட்டி நிற்கும். பனைக் குடும்பத்தை மட்டும் தனியே பிரித்துவிடுங்கள். அவற்றின் தண்டில் மற்ற மரங்களைப்போல ஆண்டுதோறும் கட்டை வளையம் சேர்வதில்லை. விட்டம் ஏறக்குறைய மாறாமல் இருக்க உயரம் மட்டும் கூடும். அங்கே விட்டத்திலிருந்து உயரத்தைக் கணிக்க முயல்வது வீண்வேலை. உயரத்தை அளந்தே ஆக வேண்டும்.

வளைவின் மேல் வலப்பக்கம் நகர்ந்தால், ஒரு மரம் வளர்வதைப் பார்ப்பதாகத்தானே பொருள்?

இல்லை, குறிப்பாக ஒரே வயதுத் தோப்பில். அங்கே வளைவின் இடமுனையில் இருப்பவை இளைய மரங்கள் அல்ல; போட்டியில் பின்தங்கி நிழலில் மாட்டிக்கொண்டவை. இன்றைய வளைவு ஒரே நாளில் எடுத்த படம். பத்து ஆண்டு கழித்து அளந்தால் வளைவு முழுவதுமே மேலும் வலமுமாக நகர்ந்திருக்கும். இன்று 20 சென்டிமீட்டர் உள்ள மரம் அன்று 25 ஆகும்போது, இன்றைய 25 சென்டிமீட்டர் மரத்தின் உயரத்தில் நிற்க வேண்டும் என்பதில்லை. எதிர்கால உயரம் வேண்டுமானால், மேலோங்கிய மரங்களின் உயரத்தையோ வயதையோ உள்ளே கொண்ட பொதுமைப்படுத்தப்பட்ட சமன்பாடு தேவை.

கணித்த உயரங்கள் எல்லாம் ஒரே கோட்டில் அழகாக அமர்ந்துவிடுகின்றன. காடு அப்படியா இருக்கும்?

இருக்காது. வளைவு தருவது அந்த விட்டத்துக்கான சராசரி உயரத்தை. மரங்கள் அதைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும். மொத்தக் கன அளவுக்கு இது பெரும்பாலும் தீங்கு செய்யாது, ஏனெனில் கன அளவு உயரத்தோடு ஏறக்குறைய நேர்விகிதத்தில் கூடுகிறது. ஆனால் 25 மீட்டரைத் தாண்டிய மரங்கள் எத்தனை, விதானத்தில் எத்தனை அடுக்குகள் என்பன போன்ற கேள்விகளுக்கு வளைவின் விடை தவறும். அத்தகைய பயன்பாட்டுக்கு, ஒவ்வொரு கணிப்போடும் எச்சங்களின் பரவலிலிருந்து சமவாய்ப்பாக எடுத்த ஒரு மதிப்பைக் கூட்ட வேண்டும். எதுவாயினும், உயரம் அளந்த மரங்களுக்கு அளந்த உயரத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் பத்து விழுக்காடு பிழை வந்தால் கரிமக் கணக்கு எவ்வளவு கெடும்?

ஏறக்குறைய அதே பத்து விழுக்காடு. மேலே சொன்ன 2014 ஆய்வின் உயிர்த்திரள் சமன்பாடு, கட்டை அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனை 0.976 அடுக்குக்கு உயர்த்தி 0.0673 ஆல் பெருக்குகிறது. உயரம் 10 விழுக்காடு கூடினால் உயிர்த்திரள் 9.75 விழுக்காடு கூடும். தனி மரங்களின் பிழைகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துவிடும். வளைவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. உயரத்தையே விட்டுவிட்டு விட்டத்தை மட்டும் நம்பினாலும் இதே கதிதான்: வெப்பமண்டலத் திடல்களில் உயரத்தைச் சேர்த்தபோது உயிர்த்திரள் மதிப்பீடு சராசரியாக 13 விழுக்காடு இறங்கியது என்று ஃபெல்ட்பாஷ் குழுவினரின் 2012 ஆய்வு காட்டியது.

இதற்கெல்லாம் மெஷின் லேர்னிங் போதாதா?

ஆயிரக்கணக்கான திடல்கள், அவற்றோடு மண், மழை, மேட்டளவு என்று பல தகவல்கள் இருந்தால் அது உதவும். ஐம்பது மரங்களுக்கு உதவாது. முடிவு மரங்களை (தரவைக் கிளைகிளையாகப் பிரித்து விடை சொல்லும் கணினி முறை; காட்டு மரமன்று) கொண்ட முறைகள் பயிற்சித் தரவின் மிகப் பெரிய விட்டத்துக்கு அப்பால் ஒரே உயரத்தைத் திருப்பிச் சொல்லும். நடுவிலும் வளைவு படிக்கட்டாகும். விட்டம் கூடும்போது சராசரி உயரம் குறையக் கூடாது என்ற எளிய விதியைக்கூட நாம்தான் சொல்லித் தர வேண்டியிருக்கும்.

இப்போது லைடார் (லேசர் ஒளியால் காட்டை வருடி அளக்கும் முறை) உயரத்தைத் தந்துவிடுகிறது, விட்டம்தான் இல்லை. அதே சமன்பாட்டைத் தலைகீழாக்கி விட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம்தானே?

கூடாது. முன்னர்ச் சொன்ன நேஸ்லுண்ட் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக்கினால் 25 மீட்டர் மரத்துக்கு விட்டம் 97 சென்டிமீட்டர். 27 மீட்டர் மரத்துக்கு 207 சென்டிமீட்டர். 30 மீட்டர் மரத்துக்கு விடையே இல்லை, ஏனெனில் வரம்பு 29. அந்த 27 மீட்டர் மரம் உண்மையில் 60 சென்டிமீட்டர் விட்டத்தோடு, சராசரியைவிட நான்கு மீட்டர் நெட்டையாக வளர்ந்த மரமாகவே பெரும்பாலும் இருக்கும். கொடுத்த விட்டத்துக்குச் சராசரி உயரம் என்ன என்பதும், கொடுத்த உயரத்துக்குச் சராசரி விட்டம் என்ன என்பதும் இரு வேறு கேள்விகள். ஒன்றின் தொடர்புப் போக்கைத் திருப்பிப் போட்டால் மற்றொன்று கிடைப்பதில்லை.

விட்டம் வேண்டுமானால், விட்டத்தைக் கணிக்கப்படும் மாறியாக வைத்து அதே தரவில் புதிதாகப் பொருத்துங்கள். உயரத்தோடு மரத்தலையின் அகலத்தையும் சேர்த்துக்கொண்டால் கணிப்பு வெகுவாகத் தேறும். உயரம் கூடுவது நின்ற பிறகும் தலை விரிந்துகொண்டே போவதால், வளைவு படுத்துவிட்ட இடத்தில் விட்டத்தைப் பற்றிச் செய்தி சொல்வது அதுதான். ஜக்கர் குழுவினர் 2017-இல் வெளியிட்ட உலகளாவிய சமன்பாடுகள் உயரத்தையும் தலையின் விட்டத்தையும் பெருக்கி, அந்த ஓர் எண்ணிலிருந்தே தண்டின் விட்டத்தைக் கணிக்கின்றன.